ஆர் எந்தப் பக்கம்

அந்தக் கடையில் ஒருவர் தனியாகப் போய் இரண்டு பேருக்கான மெத்தை வாங்க முடியாது. முதலாளி வைத்த சட்டம் இல்லை அது. அங்கே வேலை செய்த அக்கா வைத்தது. மானிப்பாய் வீதியில் இருந்த தளபாடக் கடை. முன்பக்கத்தில் கதிரை, மேசை, அலுமாரி எல்லாம் முதலாளியின் பொறுப்பு. பின் மண்டபத்தில் கட்டிலும் மெத்தையும் அக்காவின் பொறுப்பு. அங்கே முதலாளியும் வாய் திறக்கமாட்டார்.

வருகிறவரை அக்கா ஒருமுறை பார்த்துவிட்டு, "கலியாணம் செய்தாச்சோ?" என்பார். ஓம் என்று தலையாட்டினால், "அப்ப மற்ற ஆளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. ஒராள் படுத்துப் பாத்து ரெண்டு பேருக்கு எடுக்கேலாது" என்று சொல்லிவிட்டுத் தன்பாட்டில் பொலித்தீன் உறைகளை மடிக்கத் தொடங்கிவிடுவார்.

இரண்டு பேரும் சேர்ந்து வந்தால் அவர்கள் பாடு இன்னும் கஷ்டம். விளிம்பில் இருந்து அமத்திப் பார்க்க விடமாட்டார். "கத்தரிக்காய் பாக்கிற மாதிரி விரலாலை அமத்தி என்ன தெரியப்போகுது? செருப்பைக் கழட்டிப்போட்டு ஏறிப் படுங்கோ." ஆண்கள் சிரித்து மழுப்புவார்கள். பெண்கள் உடுப்பை இழுத்துச் சரிசெய்வார்கள். கூட மாமியார் வந்திருந்தால் அவரை முன்பக்கம் கூட்டிப்போய் ஒரு கதிரையில் இருத்திவிட்டு வருவார். பிறகு நீலத் திரையை இழுத்து மூடிவிட்டு வெளியில் நின்றபடி சொல்லத் தொடங்குவார்.

"மல்லாந்து படுங்கோ. ரெண்டு பேரும் கையைத் தலைக்குக் கீழை வையுங்கோ. முழங்கை முட்டுதோ? முட்டினா நாலடி உங்களுக்குக் காணாது, அஞ்சடி பாருங்கோ. ஐயா, நீங்கள் மற்றப் பக்கம் திரும்புங்கோ. அம்மா, அவர் திரும்பினது உங்களுக்குத் தெரிஞ்சதோ? தெரிஞ்சா அந்த மெத்தை வேண்டாம்."

மணிக்கூட்டைப் பார்த்துப் பத்து நிமிடம் அப்படியே கிடக்கவேண்டும். அதன் பிறகு உள்ளே போய் அந்தப் பெண்ணின் இடுப்பு வளைவுக்குக் கீழே தன் கையைச் செலுத்திப் பார்ப்பார். கை லேசாகப் போனால் மெத்தை கல்லு, போகாவிட்டால் சேறு, கொஞ்சம் இறுக்கிக்கொண்டு போகவேண்டும் என்பார். எந்த நிறுவனத்தின் மெத்தை, எத்தனை வருட உத்தரவாதம் என்று கேட்கிறவர்களுக்கு அரைவாசிப் பதில்தான் கிடைக்கும்.

எல்லாவற்றுக்கும் முதல் அவர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு.

"ஆர் எந்தப் பக்கம்?"

புருசன் பெண்சாதியாக வந்த எத்தனையோ பேர் இந்தக் கேள்வியில் ஒருவரை ஒருவர் பார்த்ததை நான் கண்டிருக்கிறேன். சிலர் ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தைச் சொல்லுவார்கள். சிலருக்குச் சிரிப்பு வரும். சிலருக்கு முகம் இறுகும். அக்கா கேட்டுக்கொண்டு நிற்பார்.

நான் அந்தக் கடைக்குப் பொருட்கள் ஏற்றி இறக்குகிற பட்டா என்ற சின்னச் சுமை வாகனத்தின் சாரதி. சண்டிலிப்பாயில் இருந்து காலையில் வருவேன். வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே என்னிடமும் கேட்டுவிட்டார்.

"தம்பி, நீர் கலியாணம் செய்தனீரோ?"

"ஓம் அக்கா. அஞ்சு மாசம்."

"நீர் எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம்."

"வலம் எண்டா? படுத்துக்கொண்டு பாக்கேக்கையோ, கால்மாட்டிலை நிண்டு பாக்கேக்கையோ?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. அது ஒரு கணம்தான். அக்கா என் முகத்தைப் பார்த்தார், பிறகு குனிந்து ஒரு தலையணையின் தையலைச் சரிபார்த்தார். அன்றிலிருந்து நான் அவரோடு தனியாக நிற்பதைத் தவிர்த்தேன்.

அவரிடமும் எங்களுக்கு விளங்காத ஒரு விஷயம் இருந்தது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சைக்கிளை எடுத்துக்கொண்டு மறைந்துபோவார். இருபது நிமிடத்தில் திரும்பி வருவார். திரைக்குப் பின்னால் ஆட்கள் படுத்திருந்தாலும் சரி, நேரம் வந்தால் போய்விடுவார். ஏன் என்று முதலாளியிடம் கேட்டேன். "உம்மடை வேலையைப் பாரும்" என்றார். மழைக்கு வீட்டில் கொண்டுபோய் விடவா என்று அக்காவிடமே ஒருநாள் கேட்டேன். வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். எல்லோருடைய படுக்கையையும் விசாரிக்கிற இந்த மனுசி தன் வீட்டு வாசலைக்கூட யாருக்கும் காட்டுவதில்லை என்று எனக்குள் ஒரு கோபம் இருந்தது.

அந்தக் கோபம் ஒரு நாள் முற்றியது. முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் ஓட்டோவில் வந்தார். புது வீடு கட்டியிருந்தார். புருசன் சுவிஸில். ஆறுக்கு ஆறு கட்டிலும் நல்ல மெத்தையும் வேண்டும் என்றார். அவர் எப்போது வருவார் என்று அக்கா கேட்டார். வருவார் என்றார் அந்தப் பெண். "அப்ப வந்தாப்பிறகு எடுப்பம். வீடு எங்கையும் ஓடாதுதானே" என்று அக்கா அனுப்பிவிட்டார். அடுத்த கிழமையும் வந்தார். அதே பதில். மூன்றாம் முறை வந்தபோது நான் வாகனத்தில் ஒரு அலுமாரியைக் கட்டுவதற்குக் கயிறு எடுக்கப் பின் மண்டபத்துக்குப் போயிருந்தேன்.

"அவர் வரமாட்டார் அக்கா" என்றார் அந்தப் பெண். குரலை உயர்த்தவில்லை. "அங்கை அவருக்கு வேறை குடும்பம் கிடக்கு. எனக்குத் தெரிஞ்சு ரெண்டு வருசம். சனத்துக்குத் தெரியாது. பால் காய்ச்ச வாற சனம் அறையைத் திறந்து பாக்கும். அதுக்குத்தான் ஆறுக்கு ஆறு கேக்கிறன். இப்ப தருவியளோ?"

நான் கயிற்றோடு அப்படியே நின்றேன். அக்கா கையில் இருந்த பொலித்தீன் உறையைக் கீழே வைத்தார். அன்றைக்கே கட்டிலை ஏற்றச் சொன்னார். தானும் வாகனத்தில் வந்து, அந்த வீட்டில் தன் கையால் விரிப்பு விரித்து, இரண்டு தலையணைகளையும் அடித்து வைத்தார். திரும்பவும் என் வாகனத்தில்தான் வந்தார். கடைக்கு முன்னால் இறங்கும்போது, "அந்தப் பிள்ளையின்ரை வாயாலை சொல்லவைச்சுப் போட்டன்" என்றார்.

ஒரு கிழமை யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. தனியாக வந்தவர்களுக்கும் கொடுத்தார். இனித் திருந்திவிடுவார் என்று நினைத்தேன். அடுத்த திங்கட்கிழமை ஒரு புதுச் சோடி வந்தது. "ஆர் எந்தப் பக்கம்?" என்றார் அக்கா.

என்னுடைய விஷயத்தை இனிச் சொல்லவேண்டும். வன்னியில் கடைசி மாதங்களில் எனக்குப் பதினாறு வயது. பதுங்கு குழியில் நித்திரையாகக் கிடந்தபோது மண் சரிந்து மூடிவிட்டது. யாரோ என் தோளைப் பிடித்து இழுத்து எடுத்தார்கள். யாரென்று இன்றுவரை தெரியாது. அதன் பிறகு நித்திரையில் யாராவது என்னைத் தொட்டால் என் கைகள் என்னைக் கேட்பதில்லை. தாய் தகப்பனுக்குத் தெரியும். தூரத்தில் நின்று பெயர் சொல்லி எழுப்புவார்கள். கலியாணம் பேசியபோது அதைச் சொல்லவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அல்லது தோன்றியும் சொல்லவில்லை.

கலியாணம் முடிந்து மூன்றாம் மாதம், குளிர்கிறது என்று என் மனைவி போர்வையை இழுத்து என் தோளில் போட்டிருக்கிறாள். நான் கண் விழித்தபோது அவள் சுவரோடு சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள். முன்பல் ஒன்று பாதியாக உடைந்திருந்தது. விடிந்ததும் கேட்டவர்களுக்கெல்லாம், "கிணத்தடியிலை வழுக்கினது" என்று சொன்னாள். உடுப்பிட்டியில் இருந்து வந்த அவளுடைய தாயிடமும் அதையே சொன்னாள். அன்றிலிருந்து நான் விறாந்தையில் பாய் போட்டுக் கதவை வெளியில் கொளுவிவிட்டுப் படுத்தேன். அவள் கட்டிலில் படுத்தாள். அதைப்பற்றி நாங்கள் கதைக்கவில்லை. சிரிக்கும்போது அவள் கையால் வாயை மறைக்கப் பழகியிருந்தாள். பிறகு சிரிப்பதும் குறைந்துவிட்டது.

இதுதான் நிலைமை. பகல் முழுக்கச் சோடிகளுக்குக் கட்டில் கொண்டுபோய்ப் பூட்டிக் கொடுத்துவிட்டு வந்து விறாந்தையில் படுக்கிற ஒருவனைப் பார்த்து அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தார்.

மாரி தொடங்கியது. ஒரு நாள் காலையில் இருந்து மழை விடவில்லை. மெத்தை நனையும் என்பதால் வாகனம் எடுக்க முடியாது. ஆட்கள் இருக்கிற இடத்தில் நான் ஒருபோதும் கண் அயர்வதில்லை. அன்றைக்கு மட்டும் பின் மண்டபத்தில் சுருட்டி வைத்த மெத்தை ஒன்றில் சாய்ந்தேன். விறாந்தைக்குத் தூவானம் அடித்ததில் முந்தின இரவு எனக்கு நித்திரை இல்லை.

அடுத்து எனக்குத் தெரிந்தது நான் நின்றுகொண்டிருந்தேன் என்பது. அக்கா நிலத்தில் கிடந்தார். கட்டில் காலில் தலை முட்டாமல் தப்பியிருந்தது. வலக்கை உடம்புக்குக் கீழே மடிந்திருந்தது. கண்ணாடி எங்கேயோ போய் விழுந்திருந்தது.

"முதலாளி முன்னுக்கு நிக்கிறாரோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"பொலித்தீன்லை வழுக்கினது. விளங்குதோ? பொலித்தீன்லை வழுக்கினது."

என் மனைவி கிணற்றடி என்று சொன்னபோது இருந்த அதே அவசரம் அந்தக் குரலிலும் இருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "கையை எடுக்கேலாமல் கிடக்கு. வாகனத்தை எடும்" என்றார்.

ஆசுப்பத்திரியில் எக்ஸ்ரே படம் பிடித்தார்கள். மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிவு. முழங்கைவரை பிளாஸ்டர் போட்டு, ஆறு கிழமை அசைக்கக் கூடாது என்றார்கள். வைத்தியர் எப்படி நடந்தது என்று கேட்டபோது அக்கா பொலித்தீன் கதையை இன்னும் விளக்கமாகச் சொன்னார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் முதலாளியிடம் ஒரு சொல் சொன்னால் என் வேலை போய்விடும். பொலிஸில் ஒரு சொல் சொன்னால் அதற்குமேல் என்ன நடக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. ஆனால் அக்கா நோவோடு கேட்டதெல்லாம் மணி என்ன என்பதுதான்.

"ரெண்டேகால்."

"ரெண்டு மணிக்குத் திருப்பியிருக்கவேணும்" என்றார். எனக்கு விளங்கவில்லை. "ஓடும் தம்பி. வீட்டை விடும்."

சுதுமலைப் பக்கம் ஒரு ஒழுங்கையில் சின்னக் கல்வீடு. சந்தியில் நிற்பாட்டச் சொல்லுவார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. வாசல்வரை விட்டேன். "இறங்கி வாரும். எனக்கு ஒரு கையாலை ஏலாது" என்றார்.

உள்ளறையில் ஐந்தடிக் கட்டில். அதில் ஒரு மனுசன் படுத்திருந்தார். நெஞ்சுக்குக் கீழே போர்வை. இருந்த விதத்திலேயே அந்த உடம்பு தானாக அசையாது என்று தெரிந்தது. அக்காவின் புருசன். மேசன் வேலை செய்தவராம். தண்ணீர்த் தொட்டி கட்ட ஏறிய இடத்தில் விழுந்து ஒன்பது வருடம். அவர் முதலில் மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு அக்காவின் கையைப் பார்த்தார்.

"என்ன நடந்தது?"

"பொலித்தீன்லை வழுக்கினது."

அந்த மனுசன் கண்ணைத் திருப்பி என்னை நீண்ட நேரம் பார்த்தார்.

"பொலித்தீனுக்கு என்ன வயசு?" என்றார்.

"முப்பதுக்குக் கிட்ட வரும்" என்றார் அக்கா. "நித்திரையாக் கிடந்தவனைத் தொட்டிட்டன். பிழை என்னிலைதான்."

நான் அங்கேயே அழுதிருப்பேன். அக்கா அதற்கு நேரம் தரவில்லை. "தோளுக்குக் கீழை ஒரு கை. இடுப்புக்குக் கீழை ஒரு கை. இழுக்கக்கூடாது, இழுத்தா தோல் உரியும். உருட்டவேணும். மெல்ல. இடப்பக்கம்." நான் செய்தேன். ஆள் நினைத்ததைவிடப் பாரமாக இருந்தார். திருப்பியதும் அக்கா இடக்கையால் அவருடைய முதுகை மேலிருந்து கீழே தடவிப் பார்த்தார். விரிப்பில் இருந்த ஒரு சின்னச் சுருக்கை உள்ளங்கையால் நீவி எடுத்தார். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை, கணுக்காலுக்குக் கீழே மடித்த சீலை. ஒன்பது வருடத்தில் அந்த முதுகில் ஒரு புண் வந்ததில்லை.

சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கே போகிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. கண்களை மூடிக்கொண்டு, உள்ளங்கையால் ஒவ்வொரு மெத்தையையும் தடவித் தையல் எங்கே தடிக்கிறது என்று அவர் கடையில் பார்ப்பது ஏன் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

அந்த ஆறு கிழமையும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நான் அக்காவை ஏற்றிக்கொண்டு போய், அண்ணை என்று நான் கூப்பிடத் தொடங்கிய அந்த மனுசனைத் திருப்பிவிட்டு, திரும்பக் கொண்டுவந்து விட்டேன். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. இரவில் என்ன செய்கிறீர்கள் என்று அண்ணையிடம் கேட்டேன்.

"முழங்காலாலை உதைச்சுத் திருப்புறாள்" என்றார். "ரெண்டு பேரும் ஒரே கட்டில்தானே. அது அவளுக்கு வாய்ப்பாப் போச்சு."

"ஆசுப்பத்திரிக் கட்டில் மாதிரி ஒண்டு தனியப் போட்டா லேசில்லையோ அண்ணை?"

"வீட்டை விடேக்கை ஆசுப்பத்திரியிலையும் அதைத்தான் சொன்னவை. இவள் கேக்கேல்லை. எனக்கு இருமேலாது தம்பி. சளி அடைச்சா மூச்சு மாறும். இவளுக்கு அது நித்திரையிலை விளங்கும்." மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "எனக்கு நெஞ்சுக்குக் கீழை ஒண்டும் தெரியாது. ஆனா இவள் வந்து ஏறிப் படுக்கேக்கை மெத்தை அமருறது கழுத்திலை தெரியும். அதுக்காக நான் முழிச்சுக்கொண்டு கிடப்பன்."

நான் வீட்டில் கொளுவிய கதவை நினைத்தேன்.

இரண்டாவது கிழமை அக்கா வாகனத்தில் வைத்துக் கேட்டார். "எவ்வளவு காலமாத் தனியப் படுக்கிறீர்?"

எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. "ஆறு மாசம்."

"மனிசியைக் கூட்டிக்கொண்டு வாரும்."

"பாப்பம் அக்கா."

மூன்றாவது கிழமையும் கேட்டார். அவளுக்கு வேலை என்றேன். நான்காவது கிழமை காய்ச்சல் என்றேன். ஐந்தாவது கிழமை, கடை வாசலில் வாகனம் நின்ற பிறகும் அக்கா இறங்கவில்லை.

"வெள்ளிக்கிழமைக்கிடையிலை நீர் அவளைக் கூட்டிக்கொண்டு வராட்டி, என்ரை கை எப்பிடி முறிஞ்சதெண்டு நான் முதலாளியிட்டைச் சொல்லுவன்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். அப்படி இல்லை. அந்த நேரத்தில் அவரை நான் வெறுத்தேன். அண்ணையை அத்தனை முறை திருப்பியதையும் மறந்து, அந்தச் சுவிஸ்காரரின் பெண்சாதியை நினைத்தேன். இவருக்கு மற்றவர்களுடைய அறைக் கதவைத் திறந்து பார்க்காமல் இருக்க முடியாது என்று நினைத்தேன். "சொல்லுங்கோ அக்கா" என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் பார்த்தேன். அவர் இறங்கிப் போனார்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனபோது என் மனைவி பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். உடுப்பிட்டிக்குப் போய்ச் சில நாள் நின்றுவிட்டு வருகிறேன் என்றாள். பெட்டிக்குள் கலியாணச் சீலையும் இருந்தது. சில நாளைக்குப் போகிறவள் கூறைச் சீலையைக் கொண்டுபோகமாட்டாள். நான் வாசற்படியில் இருந்து, நித்திரையில் அக்காவின் கையை முறித்த கதையை முதன்முதலாக அவளுக்குச் சொன்னேன். அவ்வளவு நாளும் வாகனத்தில் வேலை கூட என்று பொய் சொல்லியிருந்தேன். அவள் அடுக்குவதை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்டாள்.

"அவ ஆருக்கும் சொல்லேல்லையோ?"

"இல்லை."

"நாளைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாள்.

அக்கா அவளைக் கண்டதும் பழகிய ஆளைப்போலக் கதிரை இழுத்துப் போட்டார். என் மனைவி பிளாஸ்டரைப் பார்த்தாள். அக்கா அவளுடைய பல்லைப் பார்த்தார். இருவருக்கும் அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"ஆர் எந்தப் பக்கம்?" என்று அக்கா கேட்டார்.

"நான் ரெண்டு பக்கமும்" என்றாள் என் மனைவி. "இவர் வெளியிலை."

"நீர் போகச் சொன்னனீரோ?"

"என்னை ஆர் கேட்டது அக்கா?" அவள் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் குரல் மாறியது. "அடி பட்டது நான். முடிவெடுத்தது இவர். அண்டைக்குப் பாயைத் தூக்கிக்கொண்டு போனவர்தான். என்ன செய்வம், எப்பிடிச் செய்வம் எண்டு ஒரு நாள் என்னோடை கதைச்சவரோ? வெளியிலை கொளுக்கி விழுற சத்தம் கேக்கும். நான் உள்ளுக்குக் கிடந்து கூரையைப் பாக்கிறது. குற்றம் செய்தவள் நான் மாதிரி."

"உமக்குப் பயமில்லையோ?"

"பயம்தான். ஏன் பொய் சொல்லுவான். ஆனா எனக்குத்தானே பயம். அதை நான் பாத்துக்கொள்ளுவன்."

ஆறு மாதமாக நான் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். அந்தப் பின் மண்டபத்தில் நிற்க எனக்கு இடம் போதவில்லை.

அக்கா தன் வேலையைத் தொடங்கினார். ஆறுக்கு ஆறு கட்டில் ஒன்றைக் காட்டினார். அதன்மேல் ஆறடி அகலத்து ஒற்றை மெத்தைக்குப் பதிலாக மூன்றடி மெத்தைகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் போடச் சொன்னார். நான்தான் தூக்கிப் போட்டேன். ஸ்பிரிங் வேண்டாம், ஒராள் அசைய மற்ற ஆளுக்குத் தெரியும், தும்பு மெத்தையே காணும் என்றார். தனித்தனி விரிப்பு, தனித்தனிப் போர்வை. "கட்டில் சட்டம் ஒண்டு, மெத்தை ரெண்டு. அவர் நித்திரையிலை புரண்டா உமக்கு ஆடாது, நீர் புரண்டா அவருக்கு ஆடாது. எழுப்பிறதெண்டா தொடக்கூடாது. உம்மடை இடத்திலை இருந்துகொண்டு பேரைச் சொல்லும். பதில் வந்தாப்பிறகுதான் கை."

"சரி அக்கா."

"இது மருந்தில்லை. கதைக்க வேண்டியதை டொக்டரிட்டைப் போய்க் கதைக்கவேணும். அதுக்கும் ரெண்டு பேரும் போங்கோ." பிறகு திரையை இழுத்தார். "பத்து நிமிசம்."

பட்டப்பகல். கடையில் ஆட்கள் கதைக்கிற சத்தம் கேட்டது. நான் கண்ணை மூடாமல், கைகளை நெஞ்சில் கோர்த்துப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். சேட்டு வியர்வையில் முதுகோடு ஒட்டியது. என் மனைவி பக்கத்து மெத்தையில் மல்லாந்து கிடந்தாள். திரைக்கு வெளியே அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து நிமிடம் போயிருக்கும். அவள் மெல்லிய குரலில் என் பெயரைச் சொன்னாள். "என்ன?" என்றேன். அதன் பிறகு கையை நீட்டி என் விரல்களைப் பிரித்துவிட்டாள்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். இரண்டு முறை நான் கத்திக்கொண்டு எழும்பியிருக்கிறேன். ஒருமுறை அவள் பயந்து கட்டிலைவிட்டு இறங்கி ஓடினாள். பிறகு திரும்பி வந்தாள். வைத்தியரிடம் மாதம் ஒருமுறை போனோம், இரண்டு பேரும்தான். மகள் பிறந்தபோது அக்கா வந்து பார்த்தார். பிள்ளையைத் தூக்கவில்லை. தொட்டிலில் விரித்திருந்த துணியின் சுருக்கை நீவிவிட்டுப் போனார்.

பிளாஸ்டர் வெட்டிய பிறகும் பின்னேரங்களில் நான் அண்ணையிடம் போய் வந்தேன். அக்காவிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். நான் வாயெடுத்தால், "நேரமாச்சு, அவரைத் திருப்பும்" என்பார். கடைசிவரை கேட்கவில்லை.

மகளுக்கு இரண்டு வயதாக இருந்தபோது, ஒரு மாரியில் அண்ணைக்குச் சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. நான்கு நாள் ஆசுப்பத்திரியில் வைத்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். அடுத்த நாள் விடியப்புறம், அக்கா பக்கத்தில் படுத்திருக்கும்போதே மூச்சு நின்றது. அக்கா அந்த மூச்சில் வித்தியாசத்தைக் கண்டு எழும்பி, அவருடைய கழுத்தில் கையை வைத்துக்கொண்டு விடியும்வரை இருந்தாராம்.

நானும் மனைவியும் போனபோது முற்றத்தில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். குளிப்பாட்டுவதற்காக மர வாங்கில் கிடத்தவேண்டும் என்று ஒழுங்கையில் உள்ள ஆண்கள் நாலைந்து பேர் அறைக்குள் நின்றார்கள். இருவர் கைகளைப் பிடித்தார்கள், இருவர் கால்களைப் பிடித்தார்கள்.

"கையிலை பிடிச்சு இழுக்காதேங்கோ" என்று பெண்களுக்கு நடுவில் இருந்து அக்காவின் குரல் வந்தது. "தோல் உரியும்."

"இனி என்ன பிள்ளை" என்றார் ஒரு வயதானவர், மெதுவாக.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற என்னைக் கண்டுவிட்டார். "உவர் வரட்டும். உவருக்குத் தெரியும்."

ஆட்கள் விலகினார்கள். நான் உள்ளே போய்க் கட்டிலருகில் முழந்தாளிட்டேன். தோளுக்குக் கீழே ஒரு கை, இடுப்புக்குக் கீழே ஒரு கை. இழுக்காமல், மெல்ல, இடப்பக்கம் உருட்டினேன். முதுகை மேலிருந்து கீழே தடவிப் பார்த்தேன். விரிப்பில் ஒரு சுருக்கு இருந்தது. அதை நீவினேன். கணுக்காலுக்குக் கீழே வைக்கிற சீலையைத் தேடி என் கை கால்மாட்டுக்குப் போனது.

அக்கா எழும்பி வந்து என் பின்னால் நின்றார்.

"காணும் தம்பி" என்றார். "இனி நேராத் தூக்கும்."